போர்த் தெய்வங்களுக்கு என்ன வேலை?

கேள்வி இது: "மனிதன் பிறவியிலேயே வன்முறையாளன். அந்த வெறிக்கு அரேஸ், மார்ஸ், கொற்றவை, முருகன் என்று ஊருக்கு ஊர் பெயர் வைத்துக் கும்பிட்டதுதான் போர்த் தெய்வ வழிபாடு என்கிறார்கள். சரியா?"

முதல் பாதி அரை உண்மை. இரண்டாம் பாதி, என் கணக்கில், தலைகீழ். போர் நடத்த வெறி மட்டும் போதாது. கிளம்பிவிட்ட வெறியோ தானாக அடங்காது. இந்த இரண்டு சிக்கல்களுக்கும் நடுவில்தான் போர்த் தெய்வம் நிற்கிறது. ஆளைக் களத்துக்குக் கொண்டுபோவது ஒரு வேலை, களத்திலிருந்து மனிதனாகத் திருப்பிக் கொண்டுவருவது இன்னொரு வேலை. கதைகளை நிதானமாகப் படித்தால் இரண்டாவது வேலைக்குத்தான் அவை அதிகம் மெனக்கெடுகின்றன.

முதலில் 'பிறவி வெறி' விஷயம். 1932-ல் சர்வதேச சங்கத்தின் ஏற்பாட்டில் ஐன்ஸ்டைன் உளவியலாளர் ஃப்ராய்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். போர் என்னும் கேட்டிலிருந்து மனிதகுலம் தப்ப வழி உண்டா என்பது கேள்வி. வாழ்வை நாடும் உந்துதல் ஒன்று, அழிவை நாடும் உந்துதல் ஒன்று, இரண்டும் நமக்குள் பிணைந்து கிடக்கின்றன என்று ஃப்ராய்டு பதில் எழுதினார். அதே கடிதத்தில், எங்கள் கோட்பாடுகள் ஒருவகைப் புராணம் போல உங்களுக்குத் தோன்றலாம் என்று அவரே ஒப்புக்கொண்டு, எல்லா அறிவியலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது, உங்கள் இயற்பியல் மட்டும் வேறா என்று ஐன்ஸ்டைனையே மடக்குகிறார். போர்த் தெய்வங்களை விளக்க ஃப்ராய்டைக் கூப்பிடுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஒரு புராணத்தை விளக்க இன்னொரு புராணம்!

முப்பது ஆண்டு கழித்து, 1963-ல், விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ் அதையே விலங்கு நடத்தையின் மொழியில் சொன்னார். மூர்க்கம் உள்ளுக்குள் தேங்கிக்கொண்டே இருக்கும், வடிகால் கொடுக்காவிட்டால் உடைத்துக்கொண்டு வரும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் டீக்கடைப் பேச்சில் 'மனுஷனுக்குள்ள மிருகம்' என்று நாம் சொல்வது ஏறக்குறைய இதுதான். ஆனால் பசிபோல, தாகம்போல, நேரம் ஆக ஆகக் கூடுகிற ஒன்றாக மூர்க்கம் நடந்துகொள்கிறது என்பதற்குச் சான்று நிற்கவில்லை. ஒருவன் பத்து வருடம் யாரையும் அடிக்காமல் இருந்தால் பதினோராம் வருடம் கட்டாயம் அடிப்பான் என்று எவரும் காட்டியதில்லை.

அதற்காக எதிர்ப்பக்கம் ஓடிவிடவும் முடியாது. சூடானின் ஜெபெல் சஹாபா இடுகாட்டில், சுமார் 13,000 ஆண்டுப் பழமையான 61 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றில் அம்பு, ஈட்டிக் காயங்கள். ஆறிப்போன பழைய காயத்தின் மேல் புதிய காயம் பட்டவர்களும் உண்டு. அரசு கிடையாது, படை கிடையாது, நிலவுடைமை கிடையாது. ஆனாலும் மோதல் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 2016-ல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். மனித இனம் தோன்றியபோது, நூறு சாவில் ஏறத்தாழ இரண்டு சக மனிதன் கையால் நேர்ந்திருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. பாலூட்டிகளின் பொதுச் சராசரியைவிட இது பல மடங்கு அதிகம். நம் குரங்குச் சொந்தங்களின் கணக்கையும் பார்த்தால் அதிசயமாகத் தெரியாது.

அந்தச் சொந்தங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தான்சானியாவின் கோம்பேயில் 1974 முதல் 1978 வரை, ஒரு சிம்பன்சிக் கூட்டம் தன்னிடமிருந்து பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொருவராகக் கொன்று தீர்த்ததை ஜேன் குடாலின் குழு பதிவு செய்தது. வழக்கமாக அந்தக் குரங்குகள் சத்தம் போடும், கிளையை உலுக்கும், மரத்தை அறைந்து முழக்கும். எல்லைக்குப் போகும்போது அப்படி எதுவும் இல்லை. வரிசையாக, அரவமில்லாமல் போய், தனியாக அகப்பட்டவனைப் பலர் சேர்ந்து பிடித்து அடித்திருக்கின்றன. அதில் கோபத்தைவிடத் திட்டம்தான் அதிகம்.

இந்த வேறுபாட்டை மானுடவியலாளர் ரிச்சர்ட் ராங்ஹாம் அழுத்திச் சொல்கிறார். சீண்டினால் பொங்குகிற வன்முறை ஒன்று, யோசித்துச் செய்கிற வன்முறை ஒன்று. முதலாவதில் மனிதன் விலங்குகளிலேயே சாதுவான ரகம். முந்நூறு பேர் முன்பின் தெரியாதவர்களோடு முழங்கால் இடிக்க ஒரு ரயில் பெட்டியில் இரவு முழுக்கப் போகிறோம். காலையில் எல்லாரும் உயிரோடு இறங்குகிறோம். சிம்பன்சிகளை அப்படி ஏற்றினால் கதை வேறு. இரண்டாவதில் மனிதனை மிஞ்ச ஆளில்லை. போர் இந்த இரண்டாவது ரகம். சோறு கட்ட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், சொன்னால் நடக்க வேண்டும், தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒருவனைக் குத்த வேண்டும், முக்கியமாக ஓடிப்போகாமல் இருக்க வேண்டும். இதில் எதையும் பிறவி வெறி கற்றுத் தராது.

இனி கதைகளுக்கு வரலாம். வெறியைக் கும்பிட்டார்கள் என்றால், வெறியே உருவான தெய்வத்துக்குத்தான் முதல் மரியாதை கிடைத்திருக்க வேண்டும். கிரேக்கரிடம் அப்படி ஒரு தெய்வம் உண்டு: அரேஸ். அவன் பிள்ளைகள் பீதியும் திகிலும். ஆனால் ஹோமரின் இலியட்டில் அவன் படும் பாடு சொல்லி மாளாது. ஐந்தாம் காண்டத்தில், ஏதீனாவின் துணையோடு டயோமீடிஸ் என்கிற மனிதன் அவனைக் குத்திவிடுகிறான். ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தினாற்போல அலறிக்கொண்டு வானுலகத்துக்கு ஓடி அப்பன் ஜீயஸிடம் முறையிடுகிறான். ஜீயஸ் சொல்கிற பதில், ஒலிம்பஸில் இருக்கிற தெய்வங்களிலேயே எனக்கு அறவே பிடிக்காதவன் நீதான், சண்டையும் சச்சரவும்தான் உனக்கு எப்போதும் இனிக்கின்றன என்பது. அதே காண்டத்தில் இன்னொரு செய்தியும் வருகிறது. முன்பொரு காலம் இரண்டு அரக்கச் சகோதரர்கள் அரேஸைக் கட்டி வெண்கலச் சாடிக்குள் 13 மாதம் அடைத்து வைத்திருந்தார்களாம். ஹெர்மிஸ் திருட்டுத்தனமாக மீட்காவிட்டால் அவன் உள்ளேயே தீர்ந்துபோயிருப்பான்.

உடலே படைக்காக வளர்ந்த ஸ்பார்ட்டாவில் இந்தப் போர்த் தெய்வத்தின் பழைய சிலை ஒன்று விலங்கிட்ட நிலையில் இருந்ததாக பாசேனியஸ் என்னும் பயணி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். தெய்வம் நம்மை விட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக என்று அவர் காரணம் சொல்கிறார். இருக்கலாம். எப்படி இருந்தாலும், அது சங்கிலி போட்டு வைக்க வேண்டிய சாமி என்று அந்த ஊர் நினைத்திருக்கிறது.

மரியாதை எல்லாம் ஏதீனாவுக்குப் போனது. அவளும் போர்த் தெய்வம்தான். கவசம், ஈட்டி, கேடயம் எல்லாம் உண்டு. இலியட்டில் அவள் முதன்முதலாக இறங்கி வந்து செய்கிற காரியத்தைப் பாருங்கள். படைத்தலைவன் அகமெம்னான் அவமானப்படுத்திய ஆத்திரத்தில் மாவீரன் அக்கிலிஸ் வாளை உருவத் தொடங்குகிறான். ஏதீனா பின்னால் நின்று அவன் முடியைப் பிடித்து இழுக்கிறாள். திட்டிக்கொள், வாளை உறையில் போடு என்கிறாள். போரைப் பற்றிய அந்தப் பெரும் காவியத்தில் போர்த் தெய்வத்தின் முதல் வேலை ஒரு கொலையைத் தடுப்பது! ஏதென்ஸ் நகரத்தின் பழைய கொலை வழக்கு மன்றமும் அரேஸின் பெயர் கொண்ட குன்றின் மேல்தான் கூடியது. தன் மகளைக் கெடுத்தவனைக் கொன்றதற்காக அரேஸே அங்கே முதல் குற்றவாளியாக நின்றான் என்பது அந்த ஊர்க் கதை.

தமிழிலும் இதே பிரிவினை இருக்கிறது, இன்னும் பச்சையாக. வெறி என்றால் பேய்மகளிர். திருமுருகாற்றுப்படையில் ஒருத்தி வருகிறாள்: உலர்ந்த தலைமுடி, பிளந்த வாய், காதில் கூகையும் பாம்பும், கையில் கண்ணைத் தோண்டித் தின்ற கருந்தலை. தோளை வீசிக்கொண்டு துணங்கைக் கூத்து ஆடுகிறாள். மதுரைக்காஞ்சியிலும் புறநானூற்றிலும் களவேள்வி வரும். முடித்தலையை அடுப்பாக்கி, வெட்டுண்ட கையைத் துடுப்பாக்கிப் பேய்மகள் சோறு துழாவுவாள். இந்தப் பேய்மகளிருக்குக் கோயில் கட்டவில்லை. களத்தைக் காட்டவேண்டிய இடத்தில் கவிஞர்கள் அவர்களைக் கொண்டுவருகிறார்கள். கும்பிட்டது கொற்றவையை, "வெற்றி வெல்போர்க் கொற்றவை சிறுவ" என்று அதே ஆற்றுப்படை அழைக்கிற முருகனை.

முருகன் போர்த் தெய்வமா என்று கேட்டால் ஆம், தயக்கமே வேண்டாம். ஆனால் ஆற்றுப்படை அவன் ஆறு முகத்துக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருப்பதைப் பாருங்கள். ஒன்று உலகுக்கு ஒளி தருகிறது, ஒன்று அன்பருக்கு வரம் தருகிறது, ஒன்று வேள்வியைக் காக்கிறது, ஒன்று மறைபொருளை விளக்குகிறது, ஒன்று வள்ளியோடு சிரித்துக்கொண்டிருக்கிறது. "கறுவுகொள் நெஞ்சமொடு களம்வேட்டன்றே" என்பது ஒரே ஒரு முகம். கறுவு, அதாவது உள்ளுக்குள் வைத்த வஞ்சம், இல்லை என்று நக்கீரர் மறைக்கவில்லை. ஆறில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கவும் இல்லை.

வெறி போதாது என்று சொன்னேனே, அதற்கு உலக இலக்கியத்தில் எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான சாட்சி சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரிதான். பாலை நிலத்து எயினர், வழிப்பறியும் ஆநிரை கவர்வதுமே தொழிலாகக் கொண்டவர்கள். 'பிறவி வன்முறையாளர்' என்று யாரையாவது காட்டவேண்டும் என்றால் இவர்களைத்தான் காட்டுவோம். அவர்கள் நடுவே சாமியாடும் பெண்ணான சாலினிமேல் தெய்வம் ஏறுகிறது. அவள் சொல்கிற குறை என்ன தெரியுமா?

"கல்லென் பேரூர்க் கணநிரை சிறந்தன
வல்வில் எயினர் மன்றுபாழ் பட்டன
மறக்குடித் தாயத்து வழிவளம் சுரவாது
அறக்குடி போல்அவிந்து அடங்கினர் எயினரும்"

ஊர்களில் மாடு பெருகிவிட்டது, உங்கள் மன்றம் வெறிச்சோடிக் கிடக்கிறது, எயினரும் அறக்குடிபோல் அடங்கிப்போய்விட்டார்கள் என்று தெய்வம் கடிந்துகொள்கிறது. விட்டால் எயினரும் சும்மா இருந்துவிடுவார்கள் என்பதுதான் இதன் பொருள். அவர்களைக் கிளப்ப ஒரு தேவராட்டி வேண்டும், துடி முழங்க வேண்டும், ஒரு குமரிப் பெண்ணுக்குக் கொற்றவை வேடம் கட்ட வேண்டும். கலையமர் செல்வியாகிய கொற்றவை தன் கடனை உண்டால் ஒழிய வெற்றி தரமாட்டாள் என்று பயமும் காட்ட வேண்டும். பிறவி உந்துதல் என்றால் இத்தனை ஏற்பாடு எதற்கு? தொல்காப்பியமும் போரின் முதல் படியான வெட்சியை ஒட்டியே துடிநிலையையும் கொற்றவை நிலையையும் வைக்கிறது. ஆளைத் திரட்டும் கட்டத்தில்தான் அவள் தேவைப்படுகிறாள்.

அவள் கேட்கிற கடன் எது என்பதும் கவனிக்க வேண்டியது. எயினர் தம் கழுத்துக் குருதியையே பலிக்கடனாகத் தருவதாகப் பாடுகிறார்கள். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்துக்குள் போனால் நிற்கிற கொற்றவையின் காலடியில் ஒருவன் மண்டியிட்டுத் தன் தலையைத் தானே அரியப் போகிறான். பிற்காலத்தில் இப்படித் தன்னையே பலியிட்டவர்களுக்கு நவகண்டம், அரிகண்டம் என்று ஊர் ஊராகச் சிற்பம் வைத்தார்கள். ஒரு படைக்குக் கொல்லக் கற்றுக்கொடுப்பது எளிது. சாகச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம். வீரனிடம் தெய்வம் முதலில் கேட்பது அவன் தலையைத்தான். அதற்கு ஈடாகத் தருவது கல். "கல்லே பரவின் அல்லது நெல்உகுத்துப் பரவும் கடவுளும் இலவே" என்று மாங்குடி கிழார் பாடும்போது, களிற்றை எறிந்து விழுந்தவனின் நடுகல்லைத் தவிர எங்களுக்கு வேறு சாமி இல்லை என்கிறார். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல், கூடலூரில் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்கு எடுத்தது. தமிழ் எழுத்து பொறித்த நடுகற்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. செத்தால் பெயர் நிற்கும் என்கிற அந்த உறுதி இல்லாமல் யாரும் மாட்டுக்காக உயிரைக் கொடுக்கமாட்டான்.

(போர்த் தெய்வங்களில் இத்தனை பேர் ஏன் பெண்கள் என்றும் கேட்பார்கள். கொற்றவை, ஏதீனா, எகிப்தின் செக்மெட், சுமேரியரின் இனன்னா. எனக்கு இதற்கு ஒரே விடை போதுமென்று தோன்றவில்லை. ஆனால் தமிழில் புறநானூற்றின் 279-ஆம் பாட்டைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். தந்தையையும் கணவனையும் அடுத்தடுத்துக் களத்தில் இழந்த ஒருத்தி, பறை கேட்டதும் தன் ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். வீட்டுப் பெண் சம்மதிக்காமல் ஊர் போருக்குப் போக முடியாது என்றால், அந்தச் சம்மதம் தெய்வமாகும்போது பெண்ணாகத்தான் இருக்கும்.)

இரண்டாவது வேலைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் விஷயத்தின் மையம்.

எகிப்தியக் கதை ஒன்று. மனிதர்கள் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று கதிரவன் ரா தன் கண்ணாகிய தேவியை ஏவிவிடுகிறான். அவள் செக்மெட் என்னும் சிங்கப் பெண்ணாகி மனிதர்களைக் கொன்று குவிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் ராவுக்கே பயம் வந்துவிடுகிறது. போதும் என்று சொன்னால் கேட்கிற நிலையில் அவள் இல்லை. இரவோடு இரவாக ஏழாயிரம் சாடி பீர் காய்ச்சி, செங்காவி கலந்து சிவப்பாக்கி, வயல் முழுக்க ஊற்றி வைக்கிறார்கள். விடிந்ததும் அவள் அதை ரத்தம் என்று நினைத்துக் குடித்து, போதை தலைக்கேறி, மனிதர்களை அடையாளம் தெரியாமல் திரும்பிப் போகிறாள். இந்த செக்மெட்டின் பூசாரிகள்தான் எகிப்தில் வைத்தியத்தோடும் தொடர்புடையவர்கள்.

நம்மிடம் திருவாலங்காடு இருக்கிறது. அசுரரை அழித்த காளி, அவர்கள் ரத்தம் குடித்த வெறி தணியாமல் அந்தக் காட்டையே கதிகலங்க வைக்கிறாள். எதிரி செத்துவிட்டான், வெறி மட்டும் மிச்சம். சிவன் அவளோடு சண்டைக்குப் போகவில்லை, ஆட்டத்துக்கு அழைக்கிறான். காதிலிருந்து விழுந்த குழையைக் காலாலேயே எடுத்து மாட்டிக்கொண்டு ஆடும்போது அவள் தோற்று, அடங்கி, அங்கேயே அமர்கிறாள். எகிப்தில் பீர், இங்கே கூத்து. அதே ஆலங்காட்டில்தான் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்ட காரைக்கால் அம்மையார் சிவன் காலடியில் உட்கார்ந்து பாடுகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணங்கை ஆடிய பேய்மகள், பதிகம் பாடும் பேயாகிறாள்.

அயர்லாந்துக் கதையின் குஹுலின் தெய்வமல்ல, தெய்வத்தின் மகன். முதல் சண்டையில் ஜெயித்து ஊர் திரும்பும்போது வெறி இறங்காமல் சொந்த ஊரையே அழிக்க வருகிறான். ஊர்ப்பெண்கள் மார்பைத் திறந்துகொண்டு எதிரே வந்து நிற்க, அவன் வெட்கி முகம் திருப்புகிற நேரத்தில் பிடித்துக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். முதல் தொட்டி வெடிக்கிறது, இரண்டாவது கொதிக்கிறது, மூன்றாவது வெதுவெதுப்பாகிறது. அதன் பிறகுதான் அவனுக்கு ஊருக்குள் இடம்.

கதையில் தொட்டி என்றால் வாழ்க்கையில் சடங்கு. எபிரேயரின் எண்ணாகமம் 31-ஆம் அதிகாரத்தில், போரில் ஆளைக் கொன்றவன் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே தங்கித் தீட்டுக் கழித்துத்தான் உள்ளே வரவேண்டும். ரோமர் இதை ஒரு நாட்காட்டியாகவே ஆக்கிவிட்டார்கள். மார்ச் மாதம் மார்ஸின் மாதம். அப்போது அவன் பூசாரிகள் கேடயங்களை எடுத்து ஆடிக்கொண்டு தெருவில் போவார்கள், போர்க்காலம் தொடங்கும். அக்டோபர் 19 அன்று ஆயுதங்களுக்குத் தீட்டுக் கழித்து எடுத்து வைத்துவிடுவார்கள். மார்ஸின் பலிபீடம் நகரத்தின் புனித எல்லைக்கு வெளியே இருந்தது. ஆயுதப்படை எல்லைக்குள் வரக்கூடாது. இதே மார்ஸிடம்தான் ரோமக் குடியானவன் பயிருக்கு நோய் வராமல், மாட்டுக்குச் சேதம் வராமல் காக்கும்படி வேண்டிக்கொண்டான். கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் அந்த வேண்டுதல் வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது. வயல் காப்பவனும் அவனே, ஈட்டி பிடிப்பவனும் அவனே.

இந்தியப் புராணம் இன்னும் ஒருபடி மேலே போய், கொன்ற தெய்வத்தையே தண்டிக்கிறது. விருத்திரனைக் கொன்ற இந்திரனுக்கு வெற்றி விழா நடக்கவில்லை. பிரம்மஹத்தி பிடிக்கிறது. மகாபாரத உத்யோக பருவத்தில், தேவர் தலைவன் சிறுத்துப்போய்த் தாமரைத் தண்டுக்குள் ஒளிந்து கிடக்கிறான். உலகத்துக்கு நன்மைக்காகத்தானே கொன்றான் என்று கேட்டால் ஆமாம். அதனால் பாவம் இல்லாமல் போய்விடாது.

சூரனின் கதையும் இந்த வரிசையில்தான் வரும், ஆனால் ஒரு மாற்றத்தோடு. சங்கப் பாடல்களில் முருகன் சூரனாகிய மாமரத்தை வெட்டுகிறான், அவ்வளவுதான். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் வேல் மரத்தைப் பிளக்கிறது, பிளவு மயிலும் சேவலுமாகிறது, ஒன்று வாகனம், ஒன்று கொடி. எதிரியை ஒழித்தான் என்பதைவிடக் கூட வைத்துக்கொண்டான் என்பதே சரி. கொன்ற கதை இப்படி மாறிவந்ததை நான் தமிழ்ச் சமயத்தின் பெரிய சாதனைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். சடங்கும் அதற்கு ஒத்துப்போகிறது. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் முடிந்ததும் சாயாபிஷேகம்: கண்ணாடியில் தெரிகிற சுவாமியின் நிழலுருவுக்கு அபிஷேகம் செய்து குளிர்விப்பார்கள். மறுநாள் திருக்கல்யாணம். கடற்கரையில் சம்ஹாரம் பார்த்துவிட்டு அன்றிரவே பஸ் ஏறிவிடுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தத் திருப்பிக்கொண்டுவரும் வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு மருத்துவர் நேரில் பார்த்திருக்கிறார். ஜோனதன் ஷே, வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அமெரிக்காவில் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர். அவர்கள் பேசியது அக்கிலிஸின் கதையாகவே அவர் காதில் விழுந்தது: மேலதிகாரி செய்த துரோகம், நெருங்கிய தோழனின் சாவு, அதன்பின் யாராலும் நிறுத்த முடியாத கொலைவெறி. 1994-ல் இதை ஒரு நூலாகவே எழுதினார். அந்த வீரர்களில் பலர் காட்டிலிருந்து தனித்தனியாக விமானம் ஏறி ஓரிரு நாளில் சொந்த ஊர்த் தெருவில் இறங்கியவர்கள். வெளியே தங்க ஏழு நாளும் இல்லை, தொட்டியும் இல்லை. ஊர் கூடிச் செய்கிற தீட்டுக்கழிப்பு ஏதாவது வேண்டும் என்று அவர் பிறகு வாதாடியது மதப்பற்றால் அல்ல, மருத்துவ அனுபவத்தால்.

போர்த் தெய்வங்கள் எல்லாம் இப்படி நல்ல காரியம்தான் செய்தன என்று சொல்லிவிட்டால் அது பொய். மெக்சிகோவின் அஸ்டெக் பேரரசு கும்பிட்ட ஹுயிட்ஸிலோபோச்ட்லியைப் பார்க்க வேண்டும். பிறக்கும்போதே ஆயுதத்தோடு பிறந்து, தாயைக் கொல்ல வந்த அக்காள் கொயோல்ஷாவ்கியைத் துண்டு துண்டாக்கி மலையிலிருந்து உருட்டிவிட்ட தெய்வம். அந்த வெட்டுண்ட உடலைச் செதுக்கிய, மூன்று மீட்டருக்கும் அகலமான வட்டக்கல்லை 1978 பிப்ரவரியில் மெக்சிகோ நகரத்தில் மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டும்போது கண்டெடுத்தார்கள். பெருங்கோயிலின் படிக்கட்டு அடியில் அது கிடந்தது. மேலே பலியான போர்க்கைதிகளின் உடல் உருண்டு வந்து விழுகிற இடம். இங்கே தணிப்பே கிடையாது. கதிரவன் நடக்க வேண்டுமானால் ரத்தம் வேண்டும், ரத்தத்துக்குக் கைதி வேண்டும், கைதிக்குப் போர் வேண்டும். முதல் வேலை மட்டும் செய்து இரண்டாவதைச் செய்யாத போர்த் தெய்வம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அக்கம்பக்கத்து ஊர்கள் அந்தப் பேரரசை எவ்வளவு வெறுத்தன என்பது ஸ்பானியர் வந்தபோது தெரிந்தது. 1521-ல் தலைநகரைச் சுற்றி வளைத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள்தான்.

அரசு பெரிதாகும்போது தெய்வத்தின் இரண்டாவது வேலை தேய்ந்துவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. கி.மு. 2-ல் ரோமப் பேரரசன் அகஸ்டஸ் 'பழிவாங்கும் மார்ஸ்' என்று கோயில் கட்டினான், நகர எல்லைக்கு உள்ளேயே, தன் பெயர் தாங்கிய சதுக்கத்தில். அத்தனை நூற்றாண்டு வெளியே வைத்திருந்தவனை உள்ளே கொண்டுவந்தாயிற்று. கலிங்கத்துப்பரணியிலும் பேய்கள் கூழ் அட்டுக் குடிக்கின்றன, காளி கேட்டு மகிழ்கிறாள். பாட்டு குலோத்துங்கன் புகழுக்கு. சயங்கொண்டாரின் சந்தத்துக்கு மயங்காதவன் இல்லை, நானும்தான். ஆனால் வேட்டுவ வரியில் எயினன் தன் கழுத்தைத் தருகிறான். பரணியில் கூழாகிறவர்கள் கலிங்கர்.

கடைசியாக, கேள்விக்குள் ஒளிந்திருக்கிற ஒரு வாதம். அந்தப் பழைய தெய்வங்கள் நமக்குள் இன்னும் உறங்குகின்றன, சமயம் பார்த்து எழுகின்றன என்பார்கள். இதைப் பிரபலமாக்கியவர் உளவியலாளர் யுங். 1936-ல், நாஜி ஜெர்மனியில் நடப்பதை வோடான் என்னும் பழைய புயல் தெய்வம் விழித்துக்கொண்டதாக விளக்கினார். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு வருடம் கழித்து நடந்ததைப் பாருங்கள். 1942 ஜூலை 13 அன்று, போலந்தின் யூசெஃபூவ் ஊரில், ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101-ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாளம் நிற்கிறது. ஏறத்தாழ ஐந்நூறு பேர், பெரும்பாலும் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். அவர்கள் தளபதி டிராப் கண் கலங்கியபடி, ஊரிலுள்ள யூதர்களைச் சுடவேண்டும் என்று உத்தரவைச் சொல்கிறான். முடியாது என்கிற மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறான். முன்வந்து விலகியவர்கள் பன்னிரண்டு பேர் போல. மீதிப் பேரில் பலர் நடுவில் நழுவினார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள். ஆனாலும் மாலைக்குள் சுமார் 1,500 பேரைக் கொன்றுவிட்டார்கள். வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரௌனிங் இந்தப் பட்டாளத்தின் விசாரணை வாக்குமூலங்களைப் படித்து 1992-ல் எழுதியதில் வோடானுக்கு இடமே இல்லை. கூட இருப்பவன் என்ன நினைப்பான் என்கிற கூச்சம், கோழை என்று பெயர் வாங்கும் பயம், பழகிப்போன கீழ்ப்படிதல், இவைதான் பெரிதாக நிற்கின்றன.

அன்று ராத்திரி முகாமில் அவர்களுக்குச் சாராயம் ஊற்றினார்கள். பட்டாளம் நொந்துபோயிருப்பதை மேலிடமும் கண்டுகொண்டது. அதன்பின் முறையை மாற்றினார்கள்: அடுத்த பெரிய கொலையில், லோமாசியில், பெரும்பாலும் சுட்டது ட்ராவ்னிக்கி முகாமில் பழக்கிய வேற்றுநாட்டு ஆட்கள்; இவர்கள் ஜனங்களைத் திரட்டி ஒப்படைத்தார்கள். பிறகு ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிடும் வேலை. கண்ணெதிரே சாவு நடக்காதபோது தயக்கமும் குறைந்தது என்று பிரௌனிங் எழுதுகிறார்.